ஒரே பெஞ்சின் இரண்டு முனை

எங்கள் ஊர்க் கோயிலில் சமாதானம் கைமாறித்தான் வரும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சேகரத்து ஐயர் வந்து திருவிருந்து ஆராதனை நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான். பிரசங்கமும் ஜெபமும் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஐயர் இறங்கி வந்து உபதேசியாரிடம் இரண்டு கைகளையும் நீட்டுவார். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவருடைய வலது உள்ளங்கையோடு பொருத்த வேண்டும். பிறகு இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையைப் பொத்திக்கொள்ள வேண்டும். குலுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. உபதேசியார் அதைக் கொண்டுவந்து முதல் பாயில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் பக்கத்து ஆளிடம் திரும்புவார். அப்படியே ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் நகர்வதுபோல அது பின்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கோயிலுக்குள் பேச்சே இருக்காது. உடுப்பு உரசும் சத்தமும், பனங்கை உத்திரத்தில் குருவிகள் கத்துவதும் மட்டும் கேட்கும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் என்று வெவ்வேறு மரபுகளில் நின்ற சபைகள் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. 1950-இல் அந்தச் சபை தனக்கென ஒரு திருவிருந்து முறைமையை எழுதியபோது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இந்தக் கைச் சமாதானத்தை அதில் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை தனித்தனிப் பந்தியில் இருந்த சபைகள் முதலில் கையைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கோயில் பெஞ்சுதான் கண்ணில் வரும்.

நாசரேத்துக்குத் தெற்கே, செம்மண் தேரி ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஊர். பனைதான் பிழைப்பு. கோயிலில் ஊர் முழுக்கப் பாயில் உட்காரும். ஆண்கள் பக்கம் சுவரோரம் மட்டும் ஒரு பூவரசம்பலகைப் பெஞ்சு கிடக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தா செய்து கொடுத்தது. சாய்மானத்தின் பின்புறம் அவர் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் அதில் இரண்டே பேர்தான் உட்காருவார்கள். பலிபீடத்துப் பக்கத்து முனையில் பெரிய தாத்தா. வாசல் பக்கத்து முனையில் எங்கள் தாத்தா. கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும். அப்பா செய்த பெஞ்சை விட்டுக் கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அடுத்தவர் பக்கம் ஒரு சாண் நகரவும் மனமில்லை. நடுவில் மூன்று ஆள் இடம் பதினோரு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. வேறு யாரும் அதில் உட்காரத் துணிந்ததில்லை.

முதல் ஞாயிறுகளில் சமாதானம் அந்தப் பெஞ்சுக்கு வந்ததும் நின்றுபோகும். பெரிய தாத்தா வாங்கிக்கொள்வார். அவர் கை அவர் மடியிலேயே இருக்கும். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் பின்பாயிலிருந்து எழுந்து சுற்றி வந்து, வாசல் பக்கமாகத் தாத்தாவுக்குக் கொடுப்பார். ஊரில் எல்லோரும் அந்தச் சில விநாடிகள் வேறு எங்கோ பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து போவார்கள். பெரிய தாத்தாவும் போவார். தாத்தா மட்டும் எழுந்திருக்க மாட்டார். பதினோரு வருஷமாக அவர் நற்கருணை எடுத்ததில்லை. சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு சொன்னதை அவர் சொல்லுக்குச் சொல் நம்பினார். ஒப்புரவாக முடியவில்லை, ஆகவே போகவில்லை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் முழங்கால் போட அவரால் ஆகவில்லை. அது பிடிவாதம் என்று ஊரில் சொன்னார்கள். இன்றைக்கு நினைக்கும்போது, அந்தக் கோயிலில் திருவிருந்தை அவர் அளவுக்கு மதித்தவர் வேறு யாரும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சண்டை ஒரு பனையால் வந்தது. பாகம் பிரித்தபோது பனைவிளையை இரண்டாகப் பங்கிட்டார்கள். நடுவில் ஓடிய வரப்பின்மேல் ஒரு பருவப்பனை நின்றது. நல்ல பாளை விடுகிற மரம். சின்னவனுக்கு ஒரு மரம் குறைகிறது, அது அவனுக்கு இருக்கட்டும் என்று கொள்ளுத்தாத்தா வாயால் சொன்னார், எழுத்தில் எழுதவில்லை. அவர் கண்ணை மூடிய மறுவருஷம் பெரிய தாத்தா அந்தப் பனையில் கலயம் கட்டினார். பஞ்சாயத்து, பிறகு வக்கீல், பிறகு கோர்ட்டு. 1963-இல் பெரிய தாத்தா வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, எங்கப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்று சாட்சி சொன்னார். தாத்தாவின் கேஸ் தோற்றது. ஊரில் அந்த மரத்துக்குக் கேசுப்பனை என்றே பெயராகிவிட்டது.

“மரம் போனா போவுது. எங்கப்பா சாவுறதுக்கு முன்னால என் தலையில கைய வச்சுச் சொன்ன வார்த்தைய இல்லைன்னுட்டானே” என்று தாத்தா ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவன் என்றுதான் சொன்னார். அண்ணன் என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. மேக்கு வீட்டு ஆளு, அந்த மனுசன், கோர்ட்டுக்குப் போனவன், இப்படித்தான் பேச்சு. எதிரில் வந்தால் தாத்தா துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பனைகளைப் பார்த்தபடி போவார்.

ஆச்சி மட்டும் உறவுச் சொல்லை விடவில்லை. எங்கள் காதுபட ஒரு நாளும் பெரிய தாத்தாவை வேறு விதமாகச் சொன்னதில்லை. “எங்க அத்தான் இன்னைக்கு வெள்ளெனவே பனைக்குப் போயிட்டாவ போலிருக்கு” என்பாள், தாத்தா காதில் விழும்படியாகவே. கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து செய்வாள். வறுத்துப் பொடித்த பாசிப்பயறைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டை பிடித்து, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட்டு, மூன்றும் நான்குமாகக் கொத்துக் கொத்தாக எடுப்பாள். முதல் ஈடு எடுத்ததும் ஒரு ஓலைப்பெட்டியில் வைத்து மேல் துணியைச் சுற்றி என்னிடம் கொடுப்பாள். “எய்யா, பெரிய தாத்தா வீட்டுல குடுத்துட்டு வா. ஆச்சி குடுத்துவிட்டாவன்னு சொல்லு. பெரிய தாத்தான்னு வாய் நிறையக் கூப்பிடு. வாசல்ல நின்னுக்கிட்டு ஏய் ஓய்ன்னு கத்தாத.” தாத்தா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார். தடுக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

ஆச்சி ஒரு நாளும் தாத்தாவைப் பார்த்து மன்னித்துவிடுங்கள் என்று சொன்னதில்லை. அதை இப்போது நான் மிகவும் மதிக்கிறேன். ஊரில் சொல்ல ஆள் நிறைய இருந்தது. லெந்து நாட்கள் வந்தால் போதும், கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் தாத்தாவுக்கு ஏழெழுபது தரம் கணக்கைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அடிபட்டவனிடம் மன்னிப்பை வரி கேட்பதுபோல் கேட்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நோவு அவனுடையது. அதை இறக்கி வைக்கிற நேரமும் அவனுடையதுதான். ஆச்சி செய்தது வேறு. அந்த மனிதர் யார் என்பதை வீட்டில் யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டாள். “பொய் சொன்னாவ. அது நெசந்தான்” என்று மாவு சலித்துக்கொண்டே என்னிடம் ஒரு நாள் சொன்னாள். “ஒங்க தாத்தாவுக்கு ஏழு வயசுல பேதி வந்தப்ப, ராத்திரியோட ராத்திரியா தேரிக்காட்டு வழியா முதுவுல தூக்கிக்கிட்டு நாசரேத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடுனதும் அவ்வோதான். அப்ப அவ்வோளுக்குப் பதினோரு வயசு. ரெண்டும் ஒரே மனுசந்தானய்யா.”

ஞாயிறு பள்ளியில் ஒரு வருஷம் கடன்பட்ட ஊழியக்காரன் கதை வந்தது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு முழுக் கடனும் தள்ளுபடியாகிறது. அவன் வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். எங்கள் டீச்சர், வெள்ளிப்பணம் ஒன்று ஒரு ஆளின் ஒரு நாள் கூலி, தாலந்து ஒன்று ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்று எழுதிப் போட்டார். பெருக்கிக்கொண்டு வரச் சொன்னார். என்னால் முடியவில்லை. தாத்தாவிடம் சிலேட்டைக் கொண்டுபோனேன்.

தாத்தா அப்போது பனையேறுவதை விட்டுக் கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. பனையேறிகளுக்குத் தை மாதமே முன்பணம் கொடுத்துவிட்டு, சீசனில் கருப்பட்டியாக வாங்கிக் கழிப்பார். நீளக் கணக்கு நோட்டு ஒன்று சிவப்பு அட்டையோடு எப்போதும் கையில் இருக்கும். கணக்கு என்றால் அவருக்கு விளையாட்டு. திண்ணையில் லாந்தரை இழுத்து வைத்துக்கொண்டு சிலேட்டில் போட்டார். பதினாயிரத்தை ஆறாயிரத்தால் பெருக்கினால் 6 கோடி. ஆறு கோடி நாள் கூலி. அதை வருஷத்துக்கு 365-ஆல் வகுத்தார். 1,64,000 வருஷத்துக்கு மேலே போயிற்று. தாத்தா சிலேட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒருத்தன் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் அடைக்க முடியாத கடன்டே இது” என்றார். பிறகு கீழே அந்த நூறைக் காட்டினார். “ஆனா இதுவும் சின்னக் கடன் இல்ல. நூறு நாள் கூலி. ஒரு பனையேறிக்குப் பாதி சீசனுக்கு மேல. பிள்ளையளுக்குக் கஞ்சி அதுலதான். இதைச் சும்மான்னு யேசுசாமி சொல்லல, பாத்தியா?”

நான் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும், அந்தக் கதையைச் சொல்லும் பிரசங்கங்களில் நூறு வெள்ளிப்பணத்தை அற்பக் காசு என்று சொல்லித் தாண்டிப் போகும்போது எனக்குத் தாத்தாவின் விரல் சிலேட்டில் அந்த நூறின்மேல் நிற்பது தெரியும். பட்ட காயம் காயம்தான். வேதம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

அன்றிரவு அவர் இன்னொரு கணக்கும் போட்டார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த ஒரு பனையில் சீசனுக்கு இருபத்துநாலு கிலோ கருப்பட்டி. பதினோரு வருஷத்துக்கு 264 கிலோ. சிலேட்டின் ஒரு பக்கம் 264, மறுபக்கம் 6 கோடி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். “கணக்கு சரியாத்தான் வருது. மனசு வரமாட்டேங்குதே” என்று ஆச்சியிடம் சொன்னது கேட்டது. ஆச்சி பதில் சொல்லவில்லை. வெற்றிலைச் செல்லத்தை அவர் பக்கம் நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. போன சீசனில் மார்வலி வந்து படுத்துவிட்ட ஒரு பனையேறி தாத்தாவுக்கு அறுபது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் தாத்தா அவரை அவர் பதனீர் காய்ச்சும் விடிலி வாசலிலேயே, தாச்சியைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் எதிரில், வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். விடிலிக்குள் பதனீர் கொதிக்கும் வாசம். மணலில் சிரட்டைகள் வரிசையாகப் புதைந்திருந்தன. தாத்தா நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டி அடித்தார். அதோடு போயிருந்தால் அது வெறும் தள்ளுபடி. அவர் அந்த அம்மாவைப் பார்த்து, “தாயி, ஒன் முன்னால ஒன் மாப்பிள்ளைய மரியாதையில்லாமப் பேசிட்டேன். அதை மனசுல வச்சுக்கிடாத” என்றார். அந்த அம்மா துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். பனையேறி ஒரு பட்டை பிடித்துப் பதனீர் ஊற்றித் தாத்தாவிடம் நீட்டினார். கீழே கால் மடித்து உட்கார்ந்து குடித்தார் தாத்தா. அவர் வீட்டுத் தண்ணீர்கூட அதுவரை தாத்தா குடித்து நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு வராத மனசு அங்கே முதலில் வந்தது. எங்கள் கோயில்களின் வரலாற்றிலும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத இந்த ஓட்டை உண்டு. 1820-களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தம் மாணவர்களைச் சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்காரச் சொன்னபோது எழுந்து போனவர்கள் உண்டு. நூற்றைம்பது வருஷம் கழித்து எங்கள் ஊர் அசனத்திலும் யாருக்கு அடுத்து யார் உட்காருவது என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் இலை போட்டார்கள். அசனம் என்றால் ஊரெல்லாம் அரிசி கொடுத்து, ஓலைப்பாயில் சோற்றை மலைபோலக் குவித்து, கோயில் முற்றத்தில் எல்லோரும் தரையில் ஒன்றாகச் சாப்பிடுவது. ஒன்றாக என்ற அந்தச் சொல்லை நாங்கள் முழுதாகக் காப்பாற்றவில்லை. ஒருவனை ஆளாகவே எண்ணாமல் அவனை மன்னித்தேன் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. தாத்தா அந்த விடிலியில் கால் மடித்து உட்கார்ந்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கார்த்திகையில் தாத்தாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்றரை மாதம் கட்டில். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள் ஆச்சி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மேற்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. தாத்தா கேட்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

தை பிறந்ததும் ஆச்சி ஒரு காரியம் செய்தாள். “தாத்தாவுக்கு இன்னும் கிறுகிறுப்பு இருக்கு. கோயில்ல பக்கத்துல ஒக்காந்துக்கோ” என்று என்னைப் பாயிலிருந்து எடுத்து அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தாள். நடுவில். எனக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம். அந்த முதல் ஞாயிறு சமாதானம் வந்தபோது பெரிய தாத்தா என்னைப் பார்த்தார். பிறகு தம் கையை நீட்டினார்.

அந்தக் கையை என்னால் மறக்க முடியாது. அறுபத்தாறு வயதிலும் தினம் இருபது பனை ஏறிய கை. உள்ளங்கையில் விரல்களின் அடியில் நான்கு காய்ப்புகள், காய்ந்த புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று கெட்டியாக இருந்தன. கலயத்துக்குத் தடவிய சுண்ணாம்பு நகக்கண்ணில் வெள்ளையாக நின்றது. மரத்தில் உரசி உரசி முன்கையின் உட்பக்கம் தோல் கறுத்துத் தடித்திருந்தது. சுண்டுவிரல் கடைசிக் கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. என் சின்னக் கையை அவர் இடக்கை முழுசாக மூடிக்கொண்டது. நான் திரும்பித் தாத்தாவிடம் கொடுத்தேன். தாத்தா வாங்கினார். காமாலையில் மெலிந்த கை, எலும்பு தட்டியது. பனையேறுவதை விட்டு இத்தனை வருஷமாகியும் அதே இடங்களில் காய்ப்பின் தழும்பு இருந்தது. சுண்டுவிரல் அதே கணுவில், அதேபோல உள்பக்கமாக வளைந்திருந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டேன். என் சுண்டுவிரலும்.

இப்படி மாசி, பங்குனி, சித்திரை என்று போயிற்று. சிறுவன் கை வழியாகக் கொடுத்து வாங்குவதில் இருவருக்கும் தடையில்லை. கோயில்குட்டியார் சுற்றி வர வேண்டிய தேவை நின்றது. தாத்தா திருவிருந்துக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் உபதேசியாருக்குத் தொண்டை கட்டியதால் அன்றைய வேதபாடத்தைத் தாத்தா வாசித்தார். லூக்கா பதினைந்தாம் அதிகாரம், கெட்டுப்போய்த் திரும்பிவந்த மகனின் கதை. எத்தனையோ தடவை வாசித்த பகுதி. தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் ஆச்சியிடம் கண்ணாடியும் வேதப்புத்தகமும் கேட்டார். விரலை வைத்து அந்த இடத்தைத் தேடினார். என்னைக் கூப்பிட்டார்.

“லே, மூத்தவன் அப்பாட்ட கோவிச்சுக்கிட்டு வெளியே நிக்கான்லா. தம்பியைப் பத்தி என்ன சொல்லுதான், பாரு.”

வாசித்தேன். மூத்தவன் வாயில் தம்பி என்ற சொல்லே வரவில்லை. உம்முடைய மகன் என்று தகப்பனிடம் தள்ளிவிடுகிறான்.

“இப்ப தகப்பன் என்ன சொல்லுதாரு?”

தகப்பன் அந்தச் சொல்லைத் திருத்திக் கொடுக்கிறார். என் மகன் என்றுகூடச் சொல்லவில்லை. உன் சகோதரன் என்கிறார். சொத்தைப் பற்றி அவர் எதையும் மறுக்கவில்லை. தவறு நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மூத்தவன் தொலைத்த உறவை மட்டும் எடுத்து அவன் கையில் வைக்கிறார்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். “நான் வருசக்கணக்கா இதை வாசிச்சிருக்கேன். இந்த எடத்தைப் பாக்கலியே” என்றார். ஆச்சி திண்ணைத் தூணில் சாய்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவுவதை நிறுத்தவில்லை.

பிற்காலத்தில் நானே தேடி வாசித்தபோது, சபையைப் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக வந்த சவுலிடம் தமஸ்குவில் அனனியா முதலில் சொன்ன சொல்லும் சகோதரன் என்பதுதான் என்று கண்டேன். சவுல் மன்னிப்புக் கேட்டதாக அங்கே எழுதவில்லை. அனனியாவுக்குப் பயம் இருந்தது, அதை ஆண்டவரிடமே சொன்னான். சொல்லிவிட்டுப் போனான், போய்க் கைகளை அவன்மேல் வைத்தான். அந்தப் பகுதியை நான் வாசிக்கும்போது தமஸ்குவின் தெரு என் மனதில் வருவதில்லை. பூவரசம்பலகைப் பெஞ்சுதான் வருகிறது.

வைகாசி முதல் ஞாயிறு. பதனீர் உச்சத்தில் இருந்த சமயம். பனையேறிகள் விடியற்காலமே ஏறி இறங்கிவிட்டு, குளித்து, தலையில் ஈரம் காயாமல் கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஐயர் சமாதானத்தை இறக்கிக் கொடுத்தார். முதல் பாய், இரண்டாம் பாய், பிறகு பெஞ்சு. பெரிய தாத்தா வாங்கிக்கொண்டு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். நான் கைகளை நீட்டினேன்.

தாத்தாவின் கை என் தோளில் விழுந்தது. என்னை அப்படியே அணைத்து, தம் முழங்காலுக்கு முன்னால் கடத்தி, வாசல் பக்கத்து முனைக்குத் தள்ளினார். பிறகு நகர்ந்தார். அந்தப் பழைய பலகை கிறீச்சென்று சத்தம் போட்டது. பெண்கள் பக்கத்தில் ஆச்சி தலை குனிந்திருந்தாள். தாத்தா பெஞ்சின் பாதி தாண்டி, இன்னும் நகர்ந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்கப் போய் நின்றார்.

“அண்ணே, இங்கன தாரும்” என்றார்.

பெரிய தாத்தாவின் கை நீட்டியபடி அந்தரத்தில் இருந்தது. ஐயர் அசையவில்லை. பின்பாயில் ஒரு பிள்ளை அழுதது, அதன் அம்மா அமர்த்தினாள். இரண்டு உள்ளங்கைகளும் பொருந்தின. இடக்கைகள் மூடின. பெரிய தாத்தா தம்பியின் கையைக் கீழே குனிந்து பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார், ஓலையில் முடிச்சுத் தேடுவதுபோல.

“கை என்னலே இப்படி வத்திக் கெடக்கு?” என்றார்.

கோயிலில் எல்லோருக்கும் கேட்டது. தாத்தா பதில் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. சமாதானத்தைக் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டிய கைகள் அப்படியே இருந்தன. ஐயர் காணிக்கைப் பாட்டைத் தொடங்கச் சொல்லவில்லை, காத்திருந்தார். கடைசியில் கோயில்குட்டியார்தான் வந்து, பெஞ்சைத் தாண்டி, என் கையில் கொடுத்துப் பின்பாய்க்கு அனுப்பினார். திருவிருந்துக்கு இருவரும் ஒன்றாக எழுந்து போனார்கள். தாத்தாவுக்கு முழங்கால் மடக்கும்போது கிறுகிறுப்பு வந்திருக்க வேண்டும். பெரிய தாத்தா அவர் முழங்கையைப் பிடித்து இறக்கி உட்காரவைத்தது பின்னாலிருந்து தெரிந்தது.

அந்தப் பொய்யைப் பெரிய தாத்தா ஒருநாளும் ஒப்புக்கொண்டதாக எனக்குத் தெரியாது. பனையும் கைமாறவில்லை. அவர்தான் ஏறினார், ஏற முடியாமல் போனபிறகு அவர் பேரன் ஏறினான். தாத்தாவும் கேட்கவில்லை. அவருக்கு அந்த நோவு முழுக்க ஆறியதா என்பதும் எனக்குத் தெரியாது. சில சாயங்காலங்களில் வரப்புப் பக்கம் போனால் அந்த மரத்தை ஒரு தடவை கீழிருந்து மேலே வரை பார்ப்பார். யாராவது வெளியூர் வியாபாரி கேசுப்பனை எது என்று கேட்டால், “கேசுப்பனைன்னு இங்க ஒண்ணும் இல்ல. அது எங்க அண்ணன் பனை” என்பார். இரவில் சிவப்பு நோட்டைத் திறந்து கணக்குப் பார்க்கும்போது பெரிய தாத்தா வந்து பக்கத்தில் உட்காருவார். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆச்சி சுக்குக் கருப்பட்டிக் காப்பி இரண்டு கும்பாவில் கொண்டு வைப்பாள்.

ஆனி முதல் ஞாயிறு நான் வழக்கம்போல முன்னதாகவே போய் அந்தப் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவும் பெரிய தாத்தாவும் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு ஒன்றாக உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். தாத்தா பாயைக் காட்டினார். நான் எழுந்து போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.